சித்திரை வெய்யிலும் ரொறன்ரோ மணிக்கூடும்: ஒரு பீட்சா மா நாலு முறை கெட்ட கதை

புது வருசத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குசினிக்குள் போனால், இரவு மூடிவைத்த சருவச்சட்டியின் மூடி ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது, மா வழிந்து மேசை விளிம்பால் இறங்கி நிற்கிறது, எறும்பும் வந்துவிட்டது. பீட்சாவுக்குத் தட்டுகிற மா கையோடு இழுபட்டு வரவேண்டும். இது கரண்டியால் அள்ளுகிற பதம். தூக்கினால் நூல் நூலாக அறுந்து விழுந்தது, மணம் பழைய வினாகிரி மணம். எறிய மனமில்லாமல் அதையும் தட்டில் பரப்பி ஓவனுக்குள் வைத்தேன். பத்து நிமிடம் கழித்தும் விளிம்பு வெள்ளையாகவே இருந்தது, கடித்தால் றப்பர், விழுங்கினால் புளிப்பு. வீட்டில் நாலு பேரும் மேலே இருந்த சீஸை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு மிச்சத்தைக் கோழிக்குப் போட்டார்கள். கோழியும் யோசித்துத்தான் கொத்தியது.

ஈஸ்ட் பக்கெற் வாங்கிச் செய்தால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை, தெரியும். ஆனால் எனக்குக் கடை ஈஸ்ட் போடாமல், மாவில் தானாக வளர்கிற மதுவத்தை (ஈஸ்ட்டின் தமிழ்ப் பெயர்தான்) வைத்து, அதாவது சவர்டோ முறையில், வீட்டிலேயே பீட்சா செய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஆறு கிழமையில் நாலு தடவை தோற்று ஐந்தாவதில்தான் வந்தது. எங்கே பிழைத்தது, எதைப் பிழை என்று நினைத்து நேரம் வீணாக்கினேன், உண்மையான காரணம் எது என்று வரிசையாக எழுதிவைக்கிறேன். யாழ்ப்பாணத்துக் குசினியில் இதைத் தொடங்குகிற ஆருக்கும் இதே பிழைகள்தான் வரும்.

கையில் இருந்தவை இவ்வளவுதான்: கொக்குவிலில் ஓட்டு வீடு, மேசையில் வைக்கிற ஒரு கரண்ட் ஓவன், அதன் திருகில் ஆகக்கூடியது 230 பாகை, கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிற வெள்ளைக் கோதுமை மா, கிணற்றுத் தண்ணி, அப்புறம் ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்முறை. மா 500 கிராம், தண்ணி 350, உப்பு 10, ஸ்டார்ட்டர் (பொங்க வைக்கிற புளித்த மா) 50. "இரவு குழைச்சு மேசையில வைச்சிட்டுப் படு, விடிய எழும்பி உருட்டு" என்று குரல் பதிவு. நான்கு வருடமாக அவ அப்படித்தான் செய்கிறா, படம் பார்த்தால் வாய் ஊறும்.

முதல் தோல்வி: பேணி மாறிய கதை

பீட்சாவுக்கு முதல் ஸ்டார்ட்டர் வேண்டும். மாவும் தண்ணியும் சம அளவு கலந்து ஒரு ஜாம் போத்தலில் வைத்து, தினமும் கொஞ்சம் எறிந்து கொஞ்சம் புது மா போட்டு வந்தால், ஒரு கிழமை பத்து நாளில் அது தானாகப் பொங்கத் தொடங்கும். மாவோடு வருகிற மதுவமும் பற்றீரியாவும்தான் வேலைக்காரர். பள்ளிக்கூடத்தில் நொதித்தல் என்று படித்ததே இதுதான், அப்போது அது சோதனைக்கு எழுதுகிற விசயமாக மட்டும் இருந்தது.

என்னுடைய போத்தல் மூன்றாம் நாள் சில குமிழி விட்டது, பிறகு செத்த மாதிரிக் கிடந்தது. மூன்றாம் நான்காம் நாளில் அடங்குவது வழமை என்று மச்சாள் சொன்னா, அது உண்மை. தொடக்கத்தில் வேறு வகைப் பற்றீரியாக்கள்தான் வாயுவைக் கிளப்புகின்றன, மா புளித்ததும் அவை ஒடுங்கிவிடும், அதற்குப் பிறகுதான் மதுவம் தலை தூக்கும். சரி என்று காத்திருந்தேன். பத்து நாள், பன்னிரண்டு நாள். மேலே தண்ணி, கீழே சுண்ணாம்பு மாதிரி அடைந்த மா.

பதின்மூன்றாம் நாள் அம்மா பிட்டுக்கு மா எடுக்க வந்து, என் கையில் இருந்த பேணியைப் பார்த்துக் கேட்டா:

"ஏன் பிள்ளை அவிச்ச மாவைக் கரைக்கிறாய்?"

எங்கள் வீடுகளில் வாங்கி வந்த கோதுமை மாவில் பாதியைத் துணியில் கட்டி நீத்துப்பெட்டியிலோ இட்லிச் சட்டியிலோ அவித்து, சூட்டோடு அரித்து, வேறு பேணியில் போட்டு வைப்பது வழக்கம். பிட்டும் இடியப்பமும் களியாகாமல் உதிரியாக வர அதுதான் வழி. இரண்டு பேணியும் ஒரே பால்மாப் பேணி, நிறமும் ஒன்று, மணமும் ஏறக்குறைய ஒன்று. நான் இரண்டு கிழமை அவித்த மாவுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவிக்கிற சூட்டில் மாவோடு வந்த மதுவம் போய்விடும், மாச்சத்தை உடைத்துச் சீனியாக்குகிற நொதியங்களும் போய்விடும். மதுவம் தப்பியிருந்தாலும் என்ன செய்ய, தின்னச் சீனி இல்லை.

அந்தப் பின்னேரம் கிணற்றடியில் ஒரு சோதனை செய்தேன், சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடியது. இரண்டு மாவிலும் எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து, கால் மணி நேரம் தண்ணியில் ஊறவிட்டு, வாளித் தண்ணிக்குள் மெதுவாகப் பிசைந்து கழுவினேன். பச்சை மா உருண்டையில் இருந்து வெள்ளைத் தண்ணி ஓடி ஓடி, கடைசியில் கைக்குள் சுவிங்கம் மாதிரி மண்ணிறமான ஒரு கட்டி மிஞ்சியது, இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. அதுதான் குளூட்டன், பீட்சாவின் வாயுவைப் பிடித்து வைக்கிற வலை. அவித்த மா உருண்டை இரண்டு நிமிடத்தில் கரைந்து வாளியோடு போய்விட்டது. பிட்டுக்கு எது நல்லதோ அதுவே பீட்சாவுக்கு ஆகாது.

புதிதாகத் தொடங்கினேன். முதல் மூன்று நாளும் ஆட்டா மா போட்டேன், தவிட்டோடு இருக்கிற மாவில் மதுவமும் பற்றீரியாவும் கூடுதலாக இருக்கும். பிறகு பச்சை வெள்ளை மா. ஏழாம் நாள் போத்தலின் மூடியையே தள்ளிக்கொண்டு வந்தது.

இரண்டு, மூன்று, நான்கு: எல்லாரும் மாவைத்தான் குற்றம் சொன்னார்கள்

இரண்டாவது தோல்விதான் தொடக்கத்தில் சொன்ன சனிக்கிழமை. கேட்ட எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: இங்கத்தை மா சரியில்லை, பலம் காணாது, வெளிநாட்டு மா வேண்டும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பலமில்லாத மா கனக்கத் தண்ணி தாங்காது என்று மூன்றாம் முறை தண்ணியை 350 இல் இருந்து 300 ஆகக் குறைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் அதே கதை, கொஞ்சம் இறுக்கமாக. நான்காம் முறை கொழும்பில் இருந்து வந்த ஒருவரிடம் சொல்லி, பாண் செய்வதற்கென்றே விற்கிற இறக்குமதி மா இரண்டு கிலோ எடுப்பித்தேன். விலையை இங்கே எழுதினால் அம்மா வாசித்துவிடுவா. அந்த மா கொஞ்சம் நின்று பிடித்தது, வழியவில்லை, ஆனால் தட்டும்போது நடுவில் ஓட்டை விழுந்தது, விளிம்பு மறுபடியும் வெள்ளை, மறுபடியும் புளிப்பு.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மா மட்டும் பிழையென்றால் நல்ல மா போட்டதும் திருந்தியிருக்க வேண்டும். நோய் அதேதான், வேகம் மட்டும் குறைந்தது.

தண்ணியையும் பார்த்தேன், அதிக நேரம் செலவழிக்கவில்லை. எங்கள் நிலம் சுண்ணக்கல், கேத்திலில் வெள்ளைப் படை கட்டுகிற வன்தண்ணி. ஆனால் கிணற்றுத் தண்ணி, ஆறவைத்த தண்ணி, போத்தலில் விற்கிற தண்ணி மூன்றிலும் ஒரே அளவில் சின்ன உருண்டை செய்து பார்த்ததில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: கிணற்றுக்குக் குளோரின் போட்ட கிழமை அந்தத் தண்ணியை ஸ்டார்ட்டருக்கு விடவேண்டாம். உவர்த் தண்ணிக் கிணறு என்றால் உப்பைக் குறைத்துப் போட வேண்டிவரும்.

விடை வீட்டுக்குள்ளேயே, அதுவும் தோசைப் பானையில் இருந்தது. ஒரு இரவு ஒன்பதரை மணிக்கு அம்மா உழுந்து அரைத்துக்கொண்டு இருந்தா. மார்கழியில் பின்னேரம் நாலு மணிக்கே அரைத்து, பானையைத் துணியால் சுற்றி அடுப்படியில் வைப்பவ, இப்போது ஏன் இவ்வளவு பிந்தி அரைக்கிறா என்று யோசியாமலே கேட்டுவிட்டேன்.

"சித்திரை வெக்கைக்கு ஆரும் பின்னேரமே கரைச்சு வைப்பினமே? விடியமுதல் பொங்கிப் புளிச்சுப்போம். அப்பத்துக்குக் கள்ளு விடேக்கையும் இந்த மாசத்தில பாதிதான் விடுறது."

உடனே மச்சாளுக்கு அடித்தேன். "மச்சாள், உங்கட குசினி எத்தனை பாகை?"

"ஒரு 20, 21 இருக்கும். ஏன்?"

என்னுடைய குசினியில், காய்ச்சல் பார்க்கிறது இல்லை, சமையலுக்கு விற்கிற கம்பித் தெர்மோமீட்டரை மாவுக்குள் குத்திப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு 31 பாகை.

போத்தல் நாலு, றப்பர் வளையம் நாலு

நம்பிக்கைக்காக ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். நேரான பக்கமுள்ள நாலு போத்தல். ஒவ்வொன்றிலும் 100 கிராம் மா, 62 கிராம் தண்ணி, 2 கிராம் உப்பு, 10 கிராம் ஸ்டார்ட்டர். இரண்டில் கடை மா, இரண்டில் இறக்குமதி மா. ஒவ்வொரு வகையிலும் ஒன்று மேசையில், ஒன்று இரண்டு மணி நேரம் மேசையில் நின்ற பிறகு பிரிட்ஜுக்குள். மா நின்ற உயரத்தில் றப்பர் வளையம். மணிக்கு ஒரு தடவை படம்.

மேசையில் நின்ற கடை மா நாலே கால் மணி நேரத்தில் இரண்டு மடங்கு ஆனது, ஆறு மணி நேரத்தில் உச்சிக்குப் போனது, எட்டாவது மணியில் நடுவில் குழி விழுந்து இறங்கத் தொடங்கியது. இறக்குமதி மா நாலரையில் இரண்டு மடங்கு, ஏழில் உச்சி, பத்தாவது மணியில் இறக்கம். அதாவது விலை கூடிய மா எனக்கு வாங்கித் தந்தது இரண்டு மணி நேரம் மட்டும்தான். நான் ஒவ்வொரு முறையும் வைத்திருந்ததோ பத்து மணி நேரம். பிரிட்ஜுக்குள் போன இரண்டும் அடுத்த நாள் மத்தியானமும் நல்ல உருண்டைதான், கடை மாவும் சேர்த்து.

வெப்பம் பத்துப் பாகை கூடினால் நொதித்தல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுக் கணக்கு. ரொறன்ரோவின் பன்னிரண்டு மணி நேரம் இங்கே ஐந்தாறு. ஆனால் வேகம் மட்டும் கூடினால் மா கூழாகாது, அதற்குப் பின்னால் இன்னொரு விசயம் இருக்கிறது. சவர்டோவில் அடிக்கடி காணப்படுகிற மதுவங்கள் 27, 28 பாகையில் நன்றாகப் பெருகும், புளிக்க வைக்கிற லக்டிக் அமிலப் பற்றீரியாக்களுக்கு 32, 33 தான் வாய்ப்பு. எங்கள் சித்திரைக் குசினி பற்றீரியாவின் பக்கம். பொங்குவதைவிடப் புளிப்பது முன்னே ஓடுகிறது. புளிப்புக் கூடி பிஎச் (புளிப்புக் கூடக் கூடக் குறைகிற எண்) 4 அளவுக்கு இறங்கும்போது, மாவுக்குள்ளேயே இருக்கிற, புரதத்தை வெட்டுகிற நொதியங்கள் சுறுசுறுப்பாகிவிடும். கிணற்றடியில் பார்த்த அந்தச் சுவிங்கம் வலையை அவை துண்டு துண்டாக வெட்டுகின்றன. நூல் நூலாக அறுந்தது அதனால்தான். விளிம்பு வெள்ளையாக நின்றதற்கும் காரணம் அங்கேதான்: மாவில் இருந்த சீனியை எல்லாம் மதுவமும் பற்றீரியாவும் தின்று முடித்துவிட்டால் ஓவனில் சிவக்க ஒன்றும் மிஞ்சாது. நான் ஓவனைத் திட்டிக்கொண்டு இருந்தேன், பாவம்.

இன்னொரு பிழையும் வெளியே வந்தது. ஸ்டார்ட்டரை காலையும் மாலையும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் ஊட்டி வந்தேன். 50 கிராம் பழசு, 50 மா, 50 தண்ணி. இந்த வெக்கையில் அது மூன்று மணி நேரத்தில் உச்சிக்குப் போய், மிச்ச ஒன்பது மணி நேரமும் பட்டினி கிடந்து புளித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த அமிலத்தைத்தான் ஒவ்வொரு முறையும் புது மாவுக்குள் ஊற்றினேன், குழைக்கும்போதே மா பாதி கெட்டது. இப்போது 10 கிராம் பழசுக்கு 50 மா, 50 தண்ணி. காலையில் ஊட்டினால் ஆறேழு மணி நேரத்தில் தயிர் மணத்தோடு, கூர்ப்பில்லாமல் பொங்கி நிற்கும். அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது முறை

கடை மா 600 கிராம், தண்ணி 372, ஸ்டார்ட்டர் 60, உப்பு 15, எண்ணெய் 12, சீனி 6. தண்ணியில் பாதி பிரிட்ஜ் தண்ணி, பாதி கிணற்றுத் தண்ணி, அப்போதுதான் குழைத்து முடிக்க மா 25 பாகையில் நிற்கும். பின்னேரம் இரண்டு மணிக்குக் குழைத்து, இடையில் இரண்டு தரம் மடித்துவிட்டு, ஒன்றரை மடங்கு ஆனதும், எனக்கு அது இரண்டரை மணி நேரம், ஐந்து உருண்டையாகப் பிரித்து எண்ணெய் தடவிய டப்பாக்களில் பிரிட்ஜுக்குள். உருட்டாமல் முழுக் கட்டியாக வைத்தால் நடுப்பகுதி குளிர நேரமெடுக்கும். ஒருதரம் அப்படி வைத்து மூன்று மணி நேரம் கழித்துக் கம்பியைக் குத்தினேன், நடுவில் இன்னும் 22 பாகை. வெளியே குளிர்ந்து உள்ளே புளித்துக்கொண்டு இருக்கும். அடுத்த நாள் மாலை ஒரு மணி நேரம் முன்னுக்கு எடுத்து வைத்தால் போதும்.

ஓவன் விசயம். நேப்பிள்ஸ் முறையில் 430 முதல் 480 பாகை வரை விறகடுப்பில் 60 முதல் 90 செக்கனில் பீட்சா வெந்துவிடும். 1984 இல் தொடங்கிய அங்கத்தைப் பீட்சாச் சங்கம் அப்படித்தான் விதி வைத்திருக்கிறது, அந்தக் கைவேலையை 2017 இல் யுனெஸ்கோவும் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் மாவுக்கு எண்ணெயும் சீனியும் தேவையில்லை, அந்தச் சூட்டில் தானாகச் சிவக்கும். 230 பாகையில் எட்டுப் பத்து நிமிடம் எடுக்கிற நாங்கள் அப்படிச் செய்தால் பிஸ்கட் மாதிரிக் காய்ந்து வரும், எண்ணெயும் துளி சீனியும் அதற்குத்தான். ஊர்ப் பேக்கரியின் விறகுப் போறணையில் வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு ஆசை வந்தது, போய்க் கேட்டும் பார்த்தேன், சிரித்தார்கள். பாண் போறணையில் நெருப்பை வாரி எடுத்துவிட்டு மிஞ்சின சூட்டில்தான் பாண் வைப்பது. பீட்சாவுக்கு நெருப்பு உள்ளேயே எரிய வேண்டும்.

கடைசியில் கைகொடுத்தது இரும்புத் தோசைக்கல். காஸ் அடுப்பில் பெருந்தீயில் பத்து நிமிடம் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணி விட்டால் அது சீறிக் காயாமல் முத்து மாதிரி உருண்டோட வேண்டும். அப்போது, கையால் தட்டிய மாவை எண்ணெய் இல்லாமல் கல்லில் போட்டு, உடனே தக்காளியும் சீஸும் பரப்பி, மூன்று நிமிடம். அடி புள்ளி புள்ளியாகக் கருகும். பிறகு கல்லோடு தூக்கி, மேல் கம்பி மட்டும் எரியவிட்டு முன்கூட்டியே காயவைத்த ஓவனின் மேல்தட்டில் நாலைந்து நிமிடம். தடித்த துணி இரண்டாக மடித்துப் பிடியுங்கள், எனக்கு இடது பெருவிரலில் அடையாளம் இருக்கிறது. தக்காளிப்பழத்தைக் காய்ச்ச வேண்டாம், விதையும் தண்ணியும் நீக்கிக் கையால் பிசைந்து உப்புப் போட்டால் சரி. இறால் போடுகிறதென்றால் முதலே வதக்கி எடுங்கள், பச்சையாகப் போட்டால் தண்ணி விட்டு நடுப்பகுதி சேறாகும். எங்கள் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் மெல்லிசாக வெட்டிப் போட்டால் வேறொன்றும் தேவையில்லை என்பது என் கட்சி. தம்பி அன்னாசிக் கட்சி, அவனோடு கதைப்பதில்லை.

விளிம்பு பொங்கி, சிவந்து, அங்கங்கே கரும்புள்ளியோடு வந்தது. புளிப்பு இருந்தது, தயிர் அளவுக்கு. ஐந்தில் நாலு அடுப்படியிலேயே முடிந்தது, ஐந்தாவதை மட்டும் மேசைக்குக் கொண்டுபோனோம். அம்மா விளிம்பை மட்டும் பிய்த்து, அப்பத்தின் கரை மாதிரி இருக்கு என்றா.

ஆவணி நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, பீட்சாவும் இல்லை. போத்தல் பிரிட்ஜின் பின்மூலையில் கிடந்தது. தீர்த்தம் முடிந்து எடுத்துப் பார்த்தால் மேலே சாம்பல் நிறத் தண்ணி ஒரு விரல் உயரத்துக்கு, கள்ளு மணம். தண்ணியை ஊற்றிவிட்டு அடியில் இருந்து 10 கிராம் மட்டும் எடுத்து மூன்று தரம் ஊட்டினேன். இரண்டாம் நாள் பின்னேரம் றப்பர் வளையத்தைத் தாண்டி வந்தது. இந்தமுறை பச்சை மாப் பேணியின் மூடியில் சிவப்புப் பெயின்ற் பூசி வைத்திருக்கிறோம்.